அம்மா நேர்ந்த சேலை

அம்மா ஆரோக்கிய மாதாவுக்கு ஒரு பட்டுச்சேலை நேர்ந்திருந்தாள். செலுத்தாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த வருஷத் திருவிழா நவநாளில்தான் அதை எடுத்துக்கொண்டு பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 தேர் முடியும்வரை அந்தப் பக்கம் ஆட்டோ வருவதே பெரிய விஷயம். ரசல் மார்க்கெட்டுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். மெழுகுவர்த்தி விற்கிற பையன்கள் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். மாதா பெயரைச் சொல்லி இப்படியா விலை சொல்வது? காவிச்சேலை கட்டிய பக்தர் கூட்டத்தில் செருப்பில் ஒன்று போயே போச்சு.

சேலையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பக்கத்திலேயே, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன வரிசை. நான் செய்து 11 வருஷம். கால் தானாக நின்றுவிட்டது.

அம்மா தன் இரண்டு வளையலும் தம்பி மகளுக்கு என்று சொன்னபோது நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. வளையல் என் பீரோவில்தான் இருக்கிறது.

பல நெற்றிகள் பட்டுக் கறுத்த மரச்சட்டம், சின்னச் சின்ன ஓட்டைகள், அதற்கு அந்தப் பக்கம் ஃபாதர். எல்லாம் சொன்னேன். பாவத்துக்காக மனம் வருந்திச் சொல்கிற மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னார். "சர்வேசுரா சுவாமி..." அதற்குமேல் வரவில்லை. ஞான உபதேச வகுப்பில் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பித்தவள் நான்!

"ஃபாதர், இது மனஸ்தாபமான்னே தெரியல. நரகத்துக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

தேவ சிநேகத்தால் வருகிற உத்தம மனஸ்தாபம்தான் மேலானது, ஆனால் பயத்தால் வருகிற துக்கத்தோடு வந்தாலும் இந்த அருட்சாதனத்துக்குப் போதும், திருச்சபை ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1551லேயே சொன்னதுதான் என்றார். "அந்தப் பயத்தைத் தந்து உங்களை இங்க தள்ளிக்கிட்டு வந்ததும் பரிசுத்த ஆவிதாம்மா. ஆனா வளையலைத் திருப்பித் தரணும். அதை வச்சிக்கிட்டே அழக்கூடாது." பரிகாரமாக ஒரு 53 மணி செபமாலை.

பாவமன்னிப்பு வார்த்தை காதில் விழுந்தபோதுதான் அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை அது. மாதா முன்னால் செபமாலையை எத்தனை முறை விட்டுவிட்டுத் தொடங்கினேனோ! அம்மா, தாயே, உன் சேலை நுனியைக்கூடத் தொடத் தகுதியில்லாதவளை இழுத்துக்கொண்டு வந்தாயே, கோடி நன்றி.

வெளியே தூறல். ஒற்றைச் செருப்போடு நின்று தம்பிக்குப் போன் போட்டேன். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. எடுத்தான். நான் வாயைத் திறக்குமுன் அவனே கேட்டான்: "அக்கா, மாதா கோயில்லயா இருக்க? மைக் சத்தம் கேக்குது."