இரண்டாவதை மட்டும் ஊற்றிய கீலம்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்த புதிதில், நான் செய்த ஒவ்வொரு வெஸ்டர்ன் பிளாட்டும், அதாவது மென்சவ்வில் ஒரு புரதத்தைத் தேடும் சோதனையும், கறுத்துத்தான் வரும். தேடிய புரதத்தின் பட்டை அந்தக் கறுப்புக்குள் எங்கோ கிடக்கும். புரதத்தில் போய் ஒட்டும் முதற் பிறபொருளெதிரிக்குப் பலம் போதாது என்று நினைத்து, 1:1000 ஐதாக்கலை 1:500 ஆக்கினேன். இன்னும் கறுத்தது.

மூத்த தொழினுட்ப அக்கா எட்டிப் பார்த்தார். "கூட்டாத மனே, குறைச்சுப் பாரு. இரண்டாவத மட்டும் ஊத்தியும் ஒண்டு செய்." இரண்டாவது என்றது, முதலாவதில் ஒட்டி அது இருக்கும் இடத்தைக் காட்டும் பிறபொருளெதிரியை.

ஒரே புரத மாதிரியை ஜெல்லில் ஓட்டி, அது பதிந்த மென்சவ்வைக் கீலங்களாக வெட்டி, 1:500 இலிருந்து 1:10,000 வரை ஒவ்வொன்றையும் முதலாவதின் வேறு ஐதாக்கலில் ஊறவைத்தோம். ஒரு கீலத்துக்கு முதற் பிறபொருளெதிரியே இல்லை. அதுவும் கறுத்தது! மூன்று வாரமாக நான் திட்டியது முதலாவதை, பிழையோ இரண்டாவதில். ஒளி தரும் நொதி அதில்தானே ஒட்டியிருக்கிறது, அளவு மிஞ்சினால் எங்கும் மினுங்கும், அந்த ஒளிதான் படத்தில் கறுப்பாக விழும். அதை 1:2000 இலிருந்து 1:20,000 ஆக்கியதும் பின்னணி வெளுத்தது. முதலாவதுக்கு 1:2000 போதுமாக இருந்தது, நான் கொட்டியதில் கால்வாசி.

செய்முறைத் தாளில் வரும் 'அறை வெப்பநிலை' இன்னொரு தலையிடி. எழுதியவருக்கு அது 20–25 பாகை. 2022 மார்ச்சில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், ஏசி நின்ற எங்கள் அறை 32ஐத் தாண்டும். முதலாவதை இரவு முழுக்க 4 பாகையில் வைக்கவேண்டும், பிரிட்ஜையோ நம்ப முடியாது. மீன்காரரிடம் இருப்பது போன்ற றெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி வைத்தோம். உறைந்து உருகி உறைந்தே ஒரு பிறபொருளெதிரிக் குப்பி வீணானது. அப்புறம் எது வந்தாலும் முதல் நாளே சிறு குப்பிகளாகப் பிரித்துவிடுவோம்.

மென்சவ்வின் வெற்றிடங்களை அடைக்க 5% ஆடை நீக்கிய பால்மாக் கரைசல். பொஸ்பேற்று ஏறிய புரதத்தைத் தேடும்போது மட்டும் அதை விட்டுவிட்டோம். பாலின் கேசீனிலேயே பொஸ்பேற்று உண்டு, பிறபொருளெதிரி அங்கேயும் போய் ஒட்டலாம். அதற்கு மாட்டுச் சீரம் அல்புமின்தான் சரி, விலைதான் கசக்கும்.

பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் அலுமாரியில் அரைப் பேணி இருக்கிறது என்று பக்கத்து அறைக்குக் கதை போய்விட்டது. அக்கா சிவப்பு மையால் 'தேத்தண்ணிக்கு இல்லை' என்று எழுதி ஒட்டினார்.