ஏன் தங்கச்சி?

ஏழாவது விதியை எழுதியது நான். மற்ற விதிகளை எங்கள் சுழியோடிக் கழகத்தில் பலரும் வெட்டித் திருத்தினார்கள், இதை மட்டும் யாரும் தொடவில்லை. "எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் இறங்க மாட்டேன் என்று சொல்லலாம். காரணம் கேட்கப்பட மாட்டாது." உலகம் முழுக்கச் சுழியோடிகளிடம் இருக்கும் விதிதான். அதைத் தமிழில் வைத்தது மட்டும்தான் என் வேலை. முதலில் "காரணம் கேட்கக் கூடாது" என்று எழுதினேன். அதட்டுகிற மாதிரி இருக்கிறதென்று பிறகு மாற்றினேன். "கேட்கப்பட மாட்டாது" என்றால் யார் கேட்க மாட்டார்கள்? அந்த வசனத்தில் ஆளே இல்லை. எனக்கு நானே அப்போதே ஓர் ஓட்டை வைத்துக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அன்று பாசிக்குடாவிலிருந்து போனோம். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு. ஆறு பேர், மூன்று சோடி. அன்றைய பொறுப்பு என்னிடம். கயிறு கட்டியாயிற்று, சிலிண்டர்கள் திறந்து பார்த்தாயிற்று, எல்லோருக்கும் 200 பார் காற்றழுத்தம். இறங்கும் ஒழுங்கில் சோடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது சோடியில் அந்தப் பிள்ளை. மாஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவள், என்னைப் பாராமல், "நான் இண்டைக்கு இறங்கல்ல அண்ணா" என்றாள்.

"ஏன் தங்கச்சி?" என்று கேட்டேன்.

படகில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய சோடி ஒரு ஆசிரியர். ஃபின்னை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். நாலு செக்கன் இருக்கும், அஞ்சு செக்கனாகவும் இருக்கலாம்.

"ஒண்டுமில்ல அண்ணா. சும்மாதான் சொன்னேன்."

மாஸ்க்குக்குள் துப்பித் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். இறங்கினோம்.

இறங்கும்போது ஒரு கரைச்சலும் இல்லை. முதல் பத்து மீற்றரில்தான் காது படுத்தும், ஏனென்றால் மேற்பரப்பிலிருந்து அந்தப் பத்து மீற்றருக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. நான் அவளையே பார்த்துக்கொண்டு போனேன். அவள் மூக்கைப் பிடித்து ஊதி, சரி என்று கை காட்டினாள். 24 மீற்றரில் கப்பலின் இரும்பு தெரிந்ததும் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. நல்லவேளை கேட்டேன், வெறும் பயம்தான், கொஞ்சம் தூக்கிவிட்டதும் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இடுக்குக்குள் நின்ற ஒரு பெரிய களவா மீனை அவள் விரல் நீட்டிக் காட்டினாள். நானும் தலையாட்டினேன்.

ஏறும்போது 12 மீற்றரில் நின்றாள். கை காதுக்குப் போனது. மற்றக் கையை விரித்து ஆட்டினாள். ஒரு மீற்றர் கீழே கூட்டிப்போய் நிறுத்தினேன். அரை மீற்றர் ஏறினோம், திரும்ப நிறுத்தினோம். மூக்கடியில் மாஸ்க்குக்குள் ஏதோ தேங்கி நின்றது. அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் எடுபடாது, இரத்தம் பச்சையும் கறுப்பும் கலந்த மாதிரித்தான் தெரியும். அவளுடைய சிலிண்டரின் அழுத்தமானியில் 70 பார். படகுக்கு வரும்போது ஒவ்வொருவரிடமும் 50 பார் மிச்சம் இருக்கவேண்டும் என்பது எங்களுடைய ஐந்தாவது விதி. 12 மீற்றரிலிருந்து 5 மீற்றருக்கு வர ஒன்பது நிமிசம் பிடித்தது. அங்கே பாதுகாப்புக்காக மூன்று நிமிசம் தரித்து மேலே வந்தபோது 20 பார் இருந்தது.

கரைக்கு வந்த பிறகுதான் சொன்னாள், இரண்டு நாளாகத் தடிமன், வெள்ளாப்பில எழும்பி மூக்கடைப்புக்குக் குளிசை போட்டுவிட்டு வந்தாளாம். குளிசை வேலை செய்யும்வரை காது திறந்திருக்கும், இறங்கிவிடலாம். கீழே நிற்கும்போது அதன் வேகம் குறைந்து உள்ளே வீங்கினால், ஏறும்போது விரிகிற காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. காது அடைத்தபடி இறங்க வேண்டியிருந்தால் விட்டுவிட்டு மேலே வந்துவிடலாம். ஏறுவதை விட முடியுமா? சிலிண்டரில் காற்று முடிவதற்குள் எப்படியும் ஏறியே ஆகவேண்டும். இதை நான் புது ஆட்களுக்கு வருசாவருசம் சொல்லிக் கொடுக்கிறேன்.

செவிப்பறையில் சின்னக் கிழிசல். இரண்டு மாதம் தண்ணீர் படக்கூடாது என்றார் வைத்தியர். அத்தோடு அவளுடைய பருவம் முடிந்தது. ஒக்டோபர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கடலை மறந்துவிட வேண்டியதுதான். காது நன்றாகவே ஆறிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. இதைவிட எத்தனையோ பெரிய விபத்துகளைப் பற்றிப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஏன் இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று என் மனைவியும் கேட்டுவிட்டாள்.

என் பக்கத்து நியாயம் இது. அன்றைய பொறுப்பாளனுக்குத் தெரியவேண்டும். ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்? தலை சுற்றினால்? தடிமன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே அவளை இருத்தியிருப்பேன், நாலாவது விதி அதுதான். ஆகவே என் கேள்வி அவளைக் காப்பாற்றத்தான். இதில் பொய் இல்லை.

ஆனால் அந்த நேரம் என் தலைக்குள் ஓடியது அதுதானா? அவள் இறங்காவிட்டால் அந்த ஆசிரியர் தனியாகிவிடுவார். அவரை இன்னொரு சோடியோடு மூன்றாவது ஆளாகப் போடவேண்டும், ஒழுங்கெல்லாம் மாறும், கச்சான் காற்று எழும்புவதற்குள் திரும்பவும் வேண்டும். இந்தக் கணக்கு முதலில் வந்ததா, அவளைப் பற்றிய கவலை முதலில் வந்ததா என்று நேர்மையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டும் ஒரே சொல்லில் வெளியே வந்துவிட்டன.

எங்கள் ஊரில் "ஏன்" என்று கேட்பது அன்பு. கலியாண வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் எழும்பினால் ஏன் என்று கேட்காமல் விடுபவர்தான் மரியாதை தெரியாதவர். கேட்டதும் அந்த ஆள் திரும்ப உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அந்தக் கேள்விக்குப் பதில் காரணம் அல்ல, உட்காருவதுதான். இது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதானே ஏழாவது விதியை எழுதினேன்.

ஹேர்மிஸ் கப்பல் விசயத்தில் எனக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. கழகத்தில் சேரும் பாதிப்பேர் ஹேர்மிஸ் பார்க்கத்தான் வருகிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல், முந்நூறு பேருக்கு மேல் அதோடு போனார்கள், எங்கள் ஊர்க் கடலிலேயே கிடக்கிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது 53 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோடலின் கடைசி எல்லை 40. விசேட பயிற்சி இல்லாத ஆளுக்கு நான் இல்லை என்று சொல்லத் தேவையில்லை, அந்த இலக்கமே சொல்லிவிடும். எவ்வளவு பெரிய ஆள் வந்து கேட்டாலும் என் குரல் தடுமாறியதில்லை. ஏழாவது விதியில் இலக்கம் எதுவும் இல்லை. அது முழுக்க என் வாயிலும் முகத்திலும்தான் இருக்கிறது.

இன்னொன்று. எங்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. கம்பிரசர் பார்ப்பவர், சிலிண்டர் ஏற்றி இறக்குபவர், பழக்கிக் கொடுப்பவர், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். சம்பளம் வாங்கும் ஒரு பயிற்றுநரிடம் "வேணாம்" என்று சொல்வது ஒரு வாடிக்கையாளருக்குச் சுலபம். இனாமாகச் சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் சொல்வது அப்படி இல்லை. எனக்கு அதிகாரம் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் நான் பழக்கியிருந்தேன், ஒரு சதம் வாங்காமல்.

சம்பவப் புத்தகத்தில் அவளே எழுதினாள். "தடிமன் இருந்தது. இறங்குமுன் சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையது." கையெழுத்து, திகதி. நான் பொறுப்பாளனாகக் கீழே கையெழுத்துப் போட்டேன். பேனையைப் பிடித்திருந்தபோது ஏதாவது சேர்த்து எழுத இடமிருந்தது. எழுதவில்லை.

அதன்பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை. அடுத்த வருசம் ஜூன் மாதத்தில் ஒரு தம்பி படகில் வைத்து "நான் இல்ல" என்றான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கினோம். விதியை முதல்முறை சரியாகக் காப்பாற்றிய நிறைவு எனக்கு. நாற்பது நிமிசம் கழித்து மேலே வந்தால், அவன் அணியத்தில் சுருண்டு கிடக்கிறான், படகோட்டி ஐயா தன் சாரத்தை நனைத்து அவன் தலையில் போட்டிருக்கிறார். உடம்பு கொதித்தது. டெங்கு. நாங்கள் போன கையோடு ஐயா அவனிடம், "மனே, காலமை என்ன சாப்பிட்ட?" என்று கேட்டிருக்கிறார். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை என்று அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

இதைச் சொன்னால் கழகத்தில் சிலர், அப்போ "ஏன்" கேட்காமல் அப்படிக் கேட்கலாமே என்கிறார்கள். நானும் கொஞ்சநாள் அப்படி நம்பினேன். ஆனால் ஐயா கேட்டது எல்லோரும் இறங்கிப்போன பிறகு. அந்தப் பையனுக்கு மறைக்க இனி ஒன்றுமில்லை. அன்று ஆறுபேருக்கு நடுவில் நான் அவளிடம் "சாப்பிட்டியா" என்று கேட்டிருந்தாலும், "ஓம் அண்ணா" என்று சொல்லி மாஸ்க்கைப் போட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அல்லது அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

விதியை மூன்று தடவை திருத்தி எழுதிப் பார்த்தேன். "பிறகு தனியாகக் கேட்கலாம்" என்று ஒன்று. "உடல்நலம் பற்றி மட்டும் கேட்கலாம்" என்று ஒன்று. இன்னொன்றில், ஒருவர் மறுத்தால் பொறுப்பாளரும் அவருடன் படகிலேயே இருக்க வேண்டும் என்றேன். அப்படியானால் ஒருவர் மறுத்தால் மற்ற ஐவரின் நாளும் போகும், பிறகு யார் மறுப்பார்? மூன்றையும் கிழித்தேன். இந்த வருசப் பிரதியிலும் பழைய வசனம்தான், "கேட்கப்பட மாட்டாது."

போன கிழமை சம்பவப் புத்தகத்தை எடுத்து, அவளுடைய வரிகளுக்குக் கீழே, இவ்வளவு காலம் கழித்து, நானும் எழுதினேன். "இறங்கவில்லை என்று சொன்னார். ஏன் தங்கச்சி என்று கேட்டேன். பிறகு இறங்கினார்." எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். அன்று அந்தப் படகில் இல்லாத எவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியாது.