அணையா அடுப்புக்குப் பக்கத்தில்

மாதப் பூசத்துக்கு வடலூர் போனால், ஞானசபையில் கும்பிட்டுவிட்டு நேராகத் தருமசாலைக்குப் போய்விடுவேன். பசித்தவர்களுக்குச் சோறு போட 1867-ல் வள்ளலார் தொடங்கிய சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை.

இந்த முறை சாம்பார் வாளி என் கைக்கு வந்தது. பந்தியில் ஒரு பெரியவர். படுப்பது பேருந்து நிலையத்தில். துணிமணியெல்லாம் ஒரு உரச் சாக்கில். அதை மடியை விட்டு இறக்காமலே சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா ஐயா?"

"ஊத்தும்மா. இங்க எந்த ஊரு, என்ன ஆளுன்னு யாரும் கேக்குறதில்ல."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பசியைத் தவிர வேறு எதையும் கேட்காத இடம் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

அப்புறம் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "ராத்திரிக்கும் உண்டுல்ல?" என்றார்.

"உண்டுங்கய்யா."