தரங்கம்பாடிக்கு எந்த மாதம் வரலாம்: ஒரு நாட்குறிப்பு

மே 18

கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் பேசினார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடியைப் பார்க்க வர விரும்புவதாகவும், மயிலாடுதுறையிலேயே இருக்கும் நான்தான் ஏற்ற மாதத்தைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். "ஜூனில் வரலாமா? இங்கே அப்போது நல்ல காற்று வீசும்" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கோவையைக் குளிர்விக்கும் அதே தென்மேற்குக் காற்று, சமவெளி முழுவதையும் கடந்து எங்கள் கரைக்கு வந்து சேரும்போது ஈரம் வற்றி அனலாகிவிடும் என்று விளக்கினேன். சுற்றுலாக் கையேடுகளில் "அக்டோபர் முதல் மார்ச் வரை" என்று போட்டிருக்கிறதே என்று அடுத்துக் கேட்டார். எங்கள் கரையைப் பொறுத்தவரை ஆண்டின் மிக மோசமான மாதமும் மிக நல்ல மாதமும் அந்த ஆறு மாதங்களுக்குள்ளேதான் இருக்கின்றன. அவருக்கும் அவசரம் இல்லை என்பதால், அவ்வப்போது போய்ப் பார்த்துக் குறித்துவைத்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 25

அக்கினி நட்சத்திரம் முடியும் தறுவாய். காலை பத்தரை மணிக்கு டேனிஷ் கோட்டையின் மதில்மேல் நிற்க முடியவில்லை. பீரங்கியின் இரும்பில் வைத்த விரலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், பிற்பகல்வரை வீசியது மேற்கே நிலத்திலிருந்து வந்த காற்றுதான். கோட்டை, நகர வாயில், ராஜா வீதி, 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், அதற்குச் சற்றுப் பின்னர் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், மாசிலாமணிநாதர் கோயில் என்று பார்க்க வேண்டியவை எல்லாம் நடந்து போகும் தொலைவிலேயே இருப்பதால், இது நடந்து பார்க்க வேண்டிய ஊர். வெயில் நடக்க விடாத மாதம் இந்த ஊருக்கு ஆகாத மாதம். கோடை விடுமுறைக்காகப் பிள்ளைகளோடு வந்தவர்கள் கோட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏசி காருக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 15

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் இருந்த 61 நாள் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. சித்தப்பா சைவம், ஆனால் அவருடைய நண்பர்களில் மீனுக்காகவே கடற்கரைக்கு வருகிறவர்கள் உண்டு என்பதால் இதையும் குறித்துவைக்கிறேன். தடைக்காலத்திலும் சிறு ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகின்றன. மீன் அடியோடு இல்லாமல் போவதில்லை, விலைதான் ஏறிவிடுகிறது. வெயில் குறைந்தபாடில்லை.

ஜூலை 9

1706-ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே கரையிறங்கினார். அவருடைய சிலைக்கு மாலை போட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல் ஜூலையில் வந்து சேர்ந்ததற்குக் காற்றுதான் காரணம் என்பதை வருகிறவர்கள் யோசிப்பதில்லை. தரங்கம்பாடியில் அன்று கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் படகேறி அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அது நடவாது. ஆகவே பாய்மரக் கப்பல்கள் தென்மேற்குக் காற்றைப் பிடித்து வந்து, அக்டோபர் நடுப்பகுதிக்குள் சோழமண்டலக் கரையை விட்டு விலகிவிடுவது வழக்கமாக இருந்தது. மாலுமிகள் விலகி ஓடிய மாதத்தைத்தான் இன்றைய கையேடுகள் பருவத்தின் தொடக்கம் என்று எழுதிவைத்திருக்கின்றன.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து கோட்டை கட்டியது முதல் 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றது வரை, டேனிஷ்காரர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். நமக்குக் கப்பல் இல்லை, பேருந்துதான். இருந்தாலும் காற்றைப் பார்த்துத் தேதி குறிக்கும் வழி இன்றைக்கும் செல்லும் என்றே எனக்குப் படுகிறது.

செப்டம்பர் 3

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறிவிட்டது. செப்டம்பர் 8 வரை நாகப்பட்டினம் போகும் பேருந்துகளில் நிற்கவும் இடம் கிடைக்காது. காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாகக் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். பகலில் புழுக்கம், இரவில் மேற்கிலிருந்து இடியோடு ஒரு மழை. திருவிழாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது சரியான நேரம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அன்று.

நவம்பர் 16

பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் 20-ஐ ஒட்டிப் பெய்ய ஆரம்பித்தது, இடையில் சில நாள் ஓய்ந்து, இப்போது மறுபடியும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. உழவருக்கு இதுவே உயிர் என்பதால் நான் குறை சொல்லவில்லை. புயல்களும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. 2018-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததும் இதே நவம்பர் 16 அன்றுதான்.

மழை சற்று விட்டபோது கடற்கரைக்குப் போனேன். கொட்டிவைத்திருக்கும் கருங்கற்களின்மேல் அலை ஏறி உடைந்து, சாரல் முகத்தில் தெறிக்கிறது. மணற்பரப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. பழைய சுவர் ஒன்றின் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைக் குடித்து ஊறி, விரல் பட்ட இடத்தில் மாவாக உதிர்ந்தது. உள்ளே செங்கல் கறுத்திருந்தது. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் எப்படிக் கொண்டுபோயிருக்கும் என்பது வெயில் காலத்தில் வந்து படம் எடுப்பவருக்குப் புரியாது. கடலரிப்பைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் தனியாக, குடையோடு, ஒரு நாள் வந்து போகலாம். அறுபதைத் தாண்டிய ஆசிரியர்களைப் பாசி படிந்த படிகளில் ஏற்றி இறக்க நான் தயாராக இல்லை.

டிசம்பர் 26

சுனாமி நினைவு நாள். 2004-இல் உறவினரை இழந்த குடும்பங்கள் கடற்கரையில் பூத்தூவிப் பால் ஊற்றி வணங்கினார்கள். கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை என்று வெளியூர்க் கூட்டமும் அதே கரையில் இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்களுக்குப் பத்தடி தள்ளி நின்று சிலர் கடலோடு தற்படம் எடுத்துக்கொண்டார்கள். வானிலை இதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த நாளில் சுற்றுலாவாக வர வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்வேன்.

ஜனவரி 16

காணும் பொங்கல். கரையில் மணலைவிடத் தலைகளே அதிகம். விடுமுறை நாளே கூடாது என்பதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10

விடியற்காலையில் போய் நண்பகல்வரை நடந்தேன். சூரியன் ஆறரை மணியை ஒட்டி, கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி எழுந்தது. வடகிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்தே, மெல்லிய காற்று; வெயில் ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. அலை அடங்கியிருந்தது. பத்தரை மணிக்கு, மே மாதத்தில் நிற்க முடியாத அதே மதில்மேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இருக்கும் டேனிஷ் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் மகுடச் சின்னத்தை அண்ணாந்து நெடுநேரம் பார்க்க முடிந்தது. சீகன்பால்குவின் கல்லறையும் இதற்குள்ளேதான் இருக்கிறது. வரும் வழியெங்கும் சம்பா அறுவடை. சாலையில் நெல்லைக் காயவைத்திருப்பதால் வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கித்தான் போகின்றன.

ஓசோன் நிறைந்த கடற்கரை என்று இந்த ஊரைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். கடலோரத்து மணத்துக்குப் பெரும்பாலும் காரணம் நுண்பாசிகளிலிருந்து உண்டாகும் கந்தகச் சேர்மமே தவிர ஓசோன் அன்று. ஓசோனை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதும் இல்லை. காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னாலே போதும்.

பிப்ரவரி 11

சித்தப்பாவிடம் பேசி முடிவு செய்தாயிற்று. மாசி பிறந்த அடுத்த வாரம் புதன்கிழமை ஜன் சதாப்தியில் புறப்பட்டுப் பிற்பகலில் மயிலாடுதுறை வந்து தங்குகிறார்கள். வியாழன் அதிகாலை தரங்கம்பாடி. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய நாளே சரி. பதினொரு மணிக்குள் பார்த்துவிட்டு, நடை சாத்துமுன் திருக்கடையூர் அபிராமி சந்நிதிக்குப் போய்விடலாம். அங்கே அறுபதாம் கல்யாணக் கூட்டம் முகூர்த்த நாட்களில் தாங்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டேன், அன்று முகூர்த்தம் இல்லை. "கம்பளி கொண்டுவர வேண்டுமா?" என்று கேட்டார். தொப்பி போதும் சித்தப்பா என்றேன்.