தடைக்காலத்தில் மணியனுக்குச் சுடுசோறு

சித்திரை வெயிலில் நாய்க்குச் சோற்றைச் சூடாக்கிப் போட்டவள் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாம்பனில் அந்த மாதம் பகலில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வரும். "ஏத்தா, மனுசரே பழைய கஞ்சி குடிக்கிற நாள்ல நாய்க்குச் சுடுசோறா?" என்று மாமியார் கேட்டதில் தப்பே இல்லை.

மணியனுக்கு 11 வயது. செவலை நிற நாட்டு நாய். கரையில் காரல் மீன் தலையும் சூடை மீன் குடலும் தின்று வளர்ந்தவன். சூடு, ஆறல் என்று எதையும் அவன் பார்த்ததில்லை. வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் எடுத்துத் தின்பான்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுக்காரர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் அது நாய்க்கு வாங்கிப் போடுகிற விலையில் இருக்காது. அதனால் கோழிக் கழுத்தும் ஈரலும் வாங்கி வேகவைத்து, எலும்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு (வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும்), சோற்றில் பிசைந்து டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை சமையல். எனக்கும் வேலை மிச்சம்.

மாதக் கடைசியில் மணியன் படுத்துவிட்டான். ஈறு வெளுத்திருந்தது, காது மடலுக்குள் உண்ணி. கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை. "வெறும் வயித்துல கொடுக்காதீங்கம்மா, வாந்தி எடுக்கும். பால், தயிர்ல வச்சும் கொடுக்காதீங்க, அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்புல சேரவிடாது" என்றார்.

சரி, சோற்றில் வைத்துக் கொடுக்கலாம். ஆனால் அவன் சோற்றைத் தின்றால்தானே? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்ததை ஒருமுறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாளும் அப்படியே. வாயைப் பிளந்து மாத்திரையை மட்டும் போட்டேன், கால்மணி நேரத்தில் மஞ்சளாக வாந்தி எடுத்தான். பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சோத்தை எதுல இருந்து எடுத்து வைக்கிறீங்க?"

ஃப்ரிட்ஜிலிருந்து என்றேன். "வெதுவெதுப்பாக்கி வச்சுப் பாருங்க. கொதிக்கக் கொதிக்க வேண்டாம்."

காரணத்தை அவரே சொன்னார். நாய் நாக்கால் தின்பதைவிட மூக்கால் தின்பது அதிகம். நமக்கு ஆயிரக்கணக்கில் சுவை மொட்டுகள். நாய்க்கு சுமார் 1,700-தான். அந்தக் குறையை ஈடுகட்டுவது மோப்பம். குளிர்ந்த சோற்றில் கொழுப்பு உறைந்து வாசம் அடங்கிக் கிடக்கும். சூடு பட்டால் வாசம் எழும். நல்ல உடம்போடு இருக்கிற நாய்க்கு அந்த அடங்கிய வாசமே போதும். வயசாகி, காய்ச்சலும் கண்ட நாய்க்குப் போதாது. நமக்குச் சளி பிடித்தால் குழம்பு சப்பென்று இருப்பதில்லையா, அந்த மாதிரி.

அன்றைக்கே ஒரு தப்பும் செய்தேன். சட்டியில் போட்டுச் சூடாக்கி, மேலே விரல் வைத்துப் பார்த்தேன், பதமாக இருந்தது. உள்ளே ஈரல் கட்டி ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மணியன் ஆசையாக வாய் வைத்தவன் வீலென்று கத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினான். அப்புறம் இரண்டு நாள் அந்த அலுமினியத் தட்டைப் பார்த்தாலே பின்வாங்கினான். அது சோறு பிடிக்காததால் அல்ல, தட்டின் மேல் பயம். தட்டை மாற்றி மண்சட்டியில் வைத்த பிறகுதான் கிட்டே வந்தான்.

அதிலிருந்து அடுப்பில் வைப்பதை விட்டுவிட்டேன். டப்பாவோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, வெளியே எடுத்து, அடிவரை கைவிட்டுப் பிசைவேன். கட்டி இருந்தால் கையிலேயே தெரிந்துவிடும். நாயின் உடம்புச் சூடு 38-லிருந்து 39 டிகிரி சொச்சம். சோறு அதைத் தாண்டக்கூடாது. பிள்ளைக்குப் பால் ஆற்றும்போது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அதே கணக்கு. நேரமில்லாத நாளில் உப்புப் போடாத கோழிச் சாற்றைச் சுடவைத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் போதும், வாசம் வந்துவிடும்.

முதல் நாள் மூன்று வாய். மூன்றாவது வாயில் மாத்திரை. அன்று இரவு வாந்தி இல்லை.

வாசம்தான் விஷயம் என்றதும் மாமியார் மீன்குழம்பை ஊற்றப் பார்த்தார். பிடுங்காத குறையாகத் தடுத்தேன். குண்டு மிளகாய்க் காரத்தை விடுங்கள், அதில் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஏற்கெனவே ரத்தம் வற்றிக் கிடக்கிறவனுக்கு அது வேறா?

இன்னொன்று, டாக்டரிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது. காலையில் மிச்சம் வைத்ததை மூடிவைத்து மதியம் மறுபடி சூடாக்கிப் போட்டேன். சூடு காட்டினால் கெட்டது சரியாகிவிடும் என்ற நினைப்பு. வெளியே கிடந்த சோற்றில் கிருமி விட்ட விஷம் சிலது சூட்டுக்கு அழியாது. கெட்டுப்போன சூடை மீனும் சாளை மீனும் அப்படித்தான், கொதிக்க வைத்தாலும் விஷம் விஷம்தான். அதோடு, வெதுவெதுப்பு என்பது கிருமி பெருகுவதற்கும் தோதான சூடு. எங்கள் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். எனவே ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் டப்பாவிலிருந்து எடுத்துச் சூடாக்கினேன். மின்சாரம் ராத்திரி முழுக்க நின்றுபோன ஒரு நாள் மூன்று டப்பாவையும் கொட்டினேன். வருமானம் இல்லாத மாதத்தில் அது வலித்தது.

இரண்டாவது வாரம் ஈறில் சிவப்பு வந்தது. மூன்றாவது வாரம் காலையில் சும்மா வெளியே எடுத்து வைத்துக் குளிர் விட்ட சோற்றையே தின்றான். இரவுக்கு மட்டும் வெந்நீரில் நிறுத்துவது தொடர்ந்தது. உண்மையில் அதைத் தொடர்ந்தது நானில்லை, மாமியார். கேட்டால், "வெந்நி எனக்குக் கால் கழுவ வச்சது" என்பார்.

ஜூன் 15-இல் படகுகள் போயின. மறுநாள் காலை வீட்டுக்காரர் குழம்புக்குக் கொண்டுவந்த காரலை ஐஸோடு வாளியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். நான் மணியனின் டப்பாவை வெந்நீரில் நிறுத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாளிக்குள் அவன் தலை. மீசையில் ஐஸ் துண்டு ஒட்டியிருந்தது.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.