பாலிசி பாண்டு கைக்கு வந்ததும் முதலில் தேதியைக் குறித்து வையுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எஃப்.டி. என்று நம்பி ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் மாட்டிக்கொள்கிறவர்கள் யார் என்றால், ஓய்வூதியப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தவர்கள், பங்கு வீட்டை விற்ற தொகையைப் பேங்கில் போட்டவர்கள், நகை வைக்க லாக்கர் கேட்டுப் போன ஆச்சிகள். "எஃப்.டி. மாதிரிதான் ஆச்சி, 12 பெர்சன்ட் வரும், ஒரு தடவை கட்டினால் போதும்" என்று சொல்லி ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அப்படி எடுத்த பாலிசிகளை ரத்து செய்ய மனு எழுதிக் கொடுத்துக் கூடவே போன அனுபவத்தில் இதை எழுதுகிறோம்.

பாண்டு, அதாவது பாலிசிப் பத்திரம், வந்ததும் முதல் பக்க அட்டவணையில் 'பிரீமியம் செலுத்தும் காலம்' என்ற வரியைப் பாருங்கள். ஒரு தடவை என்று சொன்னது அங்கே 10 ஆண்டு என்று இருக்கும். அடுத்து, பலன் விளக்கப் பட்டியல். அதில் 4, 8 சதவீதம் என்று போட்டிருப்பது கணக்குக்கு எடுத்துக்கொண்ட அனுமானம், உத்தரவாதம் இல்லை. 12 என்பது எங்கேயும் இருக்காது. "வருஷம் 1 லட்சம், 10 வருஷம் கட்டுங்க, 20 வருஷம் முடிஞ்சதும் 20 லட்சம், டபுள்" என்பார்கள். முதல் தவணை 20 வருஷம், கடைசித் தவணை 11 வருஷம் அங்கேயே கிடக்கிறது. கூட்டு வட்டி போட்டுப் பார்த்தால் 4.5 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். வட்டிக் கணக்கு தெரிந்த ஊரில் இந்த 'டபுள்' எடுபடுவதுதான் வேதனை.

பிடிக்கவில்லை என்றால், பாண்டு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 'ஃப்ரீ லுக்' முறையில் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான தொகை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். யூலிப் (சந்தையில் முதலீடு செய்யும் பாலிசி) என்றால் யூனிட் விலையின் ஏற்ற இறக்கமும் சேரும். பலருக்குக் கெடு தவறுவது ஏஜெண்டால்தான். "நானே கேன்சல் பண்ணித் தர்றேன்" என்று நாளைக் கடத்துவார். விண்ணப்பத்தில் அவருடைய மின்னஞ்சலைப் போட்டிருந்தால், இ-பாலிசி வந்ததே உங்களுக்குத் தெரியாது. அதனால் அவரிடம் பேச வேண்டாம், நேரே காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். பாலிசி எண், பாண்டு கிடைத்த தேதி, ரத்துக்கான காரணம், பேங்க் கணக்கு விவரம் எழுதி, அசல் பாண்டு, கேன்சல் செய்த செக், ஆதார், பான் நகல்களுடன் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றைக்கே, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் போடுங்கள்.

30 நாள் தாண்டிவிட்டதா? உடனே சரண்டர் செய்யாதீர்கள் (பாலிசியைப் பாதியில் முடித்துப் பணம் வாங்காதீர்கள்), ஆரம்ப ஆண்டுகளில் நஷ்டம் பெரிது. தவறாகச் சொல்லி விற்றதாக நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஏஜெண்டின் வாட்ஸ்அப் செய்தி, அவர் கைப்பட '12%' எழுதிய துண்டுச் சீட்டு, இவைதான் சாட்சி. விண்ணப்ப நகலையும் கேட்டு வாங்குங்கள். வருமானம், தொழில் தப்பாக நிரப்பப்பட்டிருந்தால் அதுவும் உதவும். நமக்கு எதிராக நிற்பது சரிபார்ப்பு அழைப்பின் பதிவு, அதாவது பாலிசி விவரத்தை உறுதிசெய்ய நிறுவனம் போனில் கேட்டது. "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருங்க" என்று ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்தபடி பேசியதைத்தான் நிறுவனம் விசாரணையில் போட்டுக் காட்டும். அந்த அழைப்பில் எஃப்.டி.யா, எத்தனை வருஷம் கட்ட வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பதில் திருப்தி இல்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' புகார் தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். புகாரை நிராகரித்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிராகரித்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள்.

லாக்கருக்காகப் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒன்று: 3 வருஷ வாடகையும் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவும் ஈடாகும் அளவுக்கு டெபாசிட் கேட்கத்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பாலிசி எடுத்தால்தான் லாக்கர் என்று சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.