ஒத்தக் கட்டைக்கு எதுக்கு உலை?

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதில் சேர்ந்து, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறேன். பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே நிறைய.

அப்படி ஓர் அப்பத்தாவுக்கு மூன்று மாதமாக பிரஷர் 170க்குக் கீழே இறங்கவே இல்லை. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால், “போடுறேன்த்தா” என்பார். நானும் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனால், அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

“நீதான சாப்பிட்டுட்டுப் போடச் சொன்ன? காலையில நான் எங்கத்தா சாப்பிடுறேன்?”

அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்ட நாளில் போட்டிருக்கிறார்.

காலையில் வரக்காப்பி. மதியம் ரேஷன் அரிசிச் சோறு. ராத்திரி அந்தச் சோற்றிலேயே தண்ணீர் ஊற்றி, ஊறுகாயோ கருவாடோ தொட்டுக்கொள்வது. அந்த உப்பே பிரஷரை ஏற்றும். “ஒத்தக் கட்டைக்கு எதுக்குத்தா மூணு வேளையும் உலை வைக்கணும்?” என்றார். தாத்தா இருந்தவரை மூன்று வேளையும் அடுப்பெரிந்த வீடு அது.

பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினை வெறும் வயிற்றிலும் போடலாம். சுகர் மாத்திரைக்குத்தான் சாப்பாடு வேண்டும். கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சுகர் இறங்கி மயக்கம் வரும். தனியாக இருப்பவரை அப்போது எழுப்ப யார் இருக்கிறார்கள்? இரண்டு மாத்திரைக்கும் சேர்த்து நான் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். என் தப்பு அது, இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், கையில் பட்டை சுற்றுவதற்கு முன்னால் “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்கப் பழகினேன். சில வீடுகளில் இந்த ஒரு கேள்விக்கே கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். அவர்களிடம் இதைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

எதிர்வீட்டிலும் ஒரு அப்பத்தா தனியாகத்தான் இருக்கிறார். இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தேன். இப்போது ஒருவர் சோறு வடிக்க, இன்னொருவர் குழம்பு வைக்கிறார். போன மாதம் பிரஷர் 148.

தெருக்கோடித் தாத்தாவுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருக்கிறது. இருட்டில் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் சாயங்காலத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகையில் அங்கே ஒரு விளக்கு போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஞ்சாயத்தில் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.